மேஜரை மாத்தவா, காலேஜை மாத்தவா?

ஆகஸ்டு பிறந்தால் எங்கள் கல்லூரி அலுவலக ஜன்னலுக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். இன்ஜினியரிங், மருத்துவம், விவசாயம் என்று ஏதாவதொரு கலந்தாய்வில் இடம் கிடைத்து டி.சி. வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. ஜூனில் கிடைத்த மேஜரில், அதாவது முதன்மைப் பாடத்தில், சேர்ந்துவிட்டு, மனசு ஒட்டாமல், “வேற மேஜர் கிடைக்குமா சார்? இல்லேன்னா வேற காலேஜ்? எல்லாம் காமராஜர் யுனிவர்சிட்டிதானே?” என்று கேட்கிறவர்கள் மறு வகை. முதல் வகை காலி செய்துவிட்டுப் போகும் இடங்களை நம்பித்தான் இரண்டாம் வகையின் காரியம் நடக்க வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. கலந்தாய்வுக்குப் போகிறவர்கள் இயற்பியல், வேதியியல், கணிதம், விலங்கியல் வகுப்புகளிலிருந்து போகிறார்கள். மாறக் கேட்கிறவர்கள் கேட்பதோ பி.காம்., பி.பி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ். பி.காமில் சேர்ந்த பிள்ளை நீட் எழுதிவிட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஓடுவதில்லை. ஜூலையில் நிரம்பிய அந்த வகுப்பு அடுத்த ஏப்ரல் வரை அப்படியே இருக்கும்.

மாற நினைக்கும் கலை அறிவியல் மாணவர்களுக்கு மதுரைப் பக்கம் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மாதிரி தூக்கிப் பேசப் போவதில்லை. இரண்டு வழிகள் உருப்படியானவை, ஒன்று எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

முதலில் அந்த ‘ஒரே யுனிவர்சிட்டிதானே’ விஷயம். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கி, 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. அமெரிக்கன் கல்லூரி 1881, மதுரைக் கல்லூரி 1889. வயதில் இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு ரொம்பவே மூத்தவை. அமெரிக்கன் கல்லூரி 1978இலேயே தன்னாட்சி வாங்கிவிட்டது. தியாகராசர், லேடி டோக், பாத்திமா என்று ஊரில் பேர் சொல்லும் கல்லூரிகள் பலவும் இன்று தன்னாட்சிதான். தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டத்தைக் கல்லூரியின் பாடத்திட்டக் குழு போடும், வினாத்தாளைக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் எடுக்கும், மதிப்பெண் பட்டியலும் அங்கிருந்தே வரும். பல்கலைக்கழகத்திலிருந்து வருவது பட்டம். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில் பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் எல்லாமே பல்கலைக்கழகத்தின் கையில். அதனால், தியாகராசர் இருக்கும் தெப்பக்குளத்திலிருந்து அமெரிக்கன் இருக்கும் கோரிப்பாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போகிற நேரத்தை வைத்து இரண்டு கல்லூரிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட முடியாது.

போன வருஷம் உசிலம்பட்டியிலிருந்து சித்தப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் நகரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், எஸ்.எஃப். என்கிற சுயநிதிப் பிரிவில் சேர்ந்து ஆறேழு வாரம் ஆகியிருந்தது.

“இவளுக்கு வேற எடம் பாத்துக் குடுப்பா.”

“மேஜர் பிடிக்கலையா, காலேஜ் பிடிக்கலையா சித்தப்பா?”

“காலேஜெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. பஸ்ஸுலயே பாதிப் பொழுது போயிருது. இங்கிட்டுக் கருமாத்தூர்ப் பக்கம் கெடச்சாத் தேவல.”

“இல்லண்ணே, எனக்கு பி.காம் வேணும். பேங்க் வேலைக்குப் போகணும்” என்றாள் அவள். சித்தப்பாவுக்கே அது புதுச் செய்தி. அவர் திரும்பிப் பார்த்ததும், “ஃபீஸும் ஜாஸ்திண்ணே” என்று சன்னமாகச் சேர்த்துக்கொண்டாள்.

மாற வேண்டும் என்கிற ஒரே கோரிக்கைக்குள் மேஜர், தூரம், பணம் என்று மூன்று குறைகள். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பணப் பிரச்சினைக்கு மேஜரை மாற்றினாலும், தூரத்துக்குப் படிப்பையே விட்டாலும் பழைய குறை தீராது, புதுக் குறை சேரும். ஜன்னலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எதை மாற்ற வேண்டும் என்று தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளாமல்தான் வருகிறார்கள்.

குறை மேஜர்தான் என்றால் அதே கல்லூரிக்குள் மாறுவது மற்ற வழிகளைவிட மேல். டி.சி. வேண்டாம், புதுக் கல்லூரியின் வாசலில் நிற்க வேண்டாம். முதல்வருக்கு ஒரு விண்ணப்பம், இரண்டு துறைத்தலைவர்களின் ஒப்புதல், கட்டண வித்தியாசம். ஆனால் இதற்கு நேரம் முக்கியம். சேர்க்கைப் பட்டியல் முடிவாகிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பதிவெண் வந்துவிட்டால் கதவைச் சாத்தியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இன்டர்னல் தேர்வு வரை பார்ப்போம், மார்க்கைப் பார்த்து முடிவு பண்ணுவோம் என்று இருந்தால் காரியம் கெட்டது. பிடிக்கவில்லை என்று இரண்டாவது வாரம் தெரிந்தால் மூன்றாவது வாரம் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும்.

காலியிடம் இருந்தாலும் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று பிளஸ் டூவில் படித்த குரூப். கணிதம் இல்லாத குரூப்பில் படித்துவிட்டு இயற்பியலோ கணிதமோ கேட்க முடியாது. வணிகவியல் குரூப்காரருக்கு வேதியியல் கிடையாது. இன்னொன்று பலருக்குத் தெரியாதது. அரசு, அரசு உதவிபெறும் இடங்களில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் இன ஒதுக்கீடு உண்டு: பி.சி. 26.5 சதவீதம், பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1, மீதி பொதுப்பிரிவு. எம்.பி.சி. இடத்தில் இருந்த பையன் இன்ஜினியரிங் போனால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்த எம்.பி.சி. பிள்ளைக்குப் போகும். “அந்தப் பையன் போயிட்டான்ல, அவன் எடத்துல என்னைப் போடுங்க” என்று வகுப்புத் தோழன் கேட்டால் அலுவலகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. சிபாரிசுக் கடிதமும் இந்த இடத்தில் உதவாது. எங்களுக்கு வராத கடிதமா!

பணம்தான் குறை என்றால் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது, இதைக் கேட்டு வருகிறவர்கள்தான் ரொம்பக் குறைவு. மதுரையின் பழைய கல்லூரிகள் பலவற்றில் ஒரே மேஜர் எய்டடு, அதாவது அரசு உதவிபெறும் பிரிவிலும் எஸ்.எஃப். பிரிவிலும் நடக்கும். எய்டடில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கம் தருகிறது, அதனால் கட்டணம் சொற்பம். எஸ்.எஃப்.பில் அந்தச் செலவு மாணவர் கட்டணத்திலிருந்து வர வேண்டும், அதனால் பல மடங்கு. கலந்தாய்வு முடிகிற ஆகஸ்டு, செப்டம்பரில் எய்டடு பிரிவில் கணிதம், இயற்பியல், வேதியியல் இடங்கள் காலியாகும்போது எஸ்.எஃப்.பில் இருக்கிற பிள்ளை விண்ணப்பம் போட்டு வைத்திருந்தால் தரவரிசைப்படி கூப்பிட வாய்ப்புண்டு. அதே கல்லூரி, அதே மேஜர், பெரும்பாலும் அதே பாடத்திட்டம். கட்டிய பணத்தில் எவ்வளவு சரிக்கட்டுவார்கள் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பிடிக்காதது, நடுவில் கல்லூரி மாறுவது.

பிடிக்காததற்குக் காரணம் கெடுபிடி இல்லை. கெடுபிடி இருக்கத்தான் செய்கிறது: இரண்டு முதல்வர்களின் சம்மதம், தடையின்மைச் சான்று, போகிற இடத்தில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் காலியிடம், பல்கலைக்கழகத்தின் ஒப்புதல், வருகைப்பதிவு, நன்னடத்தை. ஓடியாடி வாங்கிவிடலாம். தொந்தரவு அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஒரு கணித மாணவியை எடுத்துக்கொள்வோம். இங்கே முதல் வருஷம் கால்குலஸ் முடித்திருக்கிறாள். போகிற கல்லூரியில் முதல் வருஷம் இயற்கணிதம், கால்குலஸ் மூன்றாம் செமஸ்டரில். அவள் கால்குலஸை இரண்டு தடவை படிப்பாள், இயற்கணிதத்தைப் படித்தே இருக்க மாட்டாள். அதை விடுபட்ட தாளாகத் தனியே எழுத வேண்டும், வகுப்பு இல்லாமல், முதல் வருஷப் பிள்ளைகளோடு உட்கார்ந்து. இங்கே அல்லைடு என்கிற துணைப்பாடம் இயற்பியல் என்றால் அங்கே புள்ளியியலாக இருக்கும். பகுதி நான்கில் வருகிற சின்னச் சின்னத் தாள்கள், அதாவது பிற துறை விருப்பப்பாடம், திறன் தாள், விழுமியக் கல்வி எல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. மூன்று வருஷத்துக்கு 140 கிரெடிட் என்ற மொத்தக் கணக்கு ஒத்துப்போனாலும் எந்தத் தாளுக்கு எத்தனை என்பது ஒத்துப்போகாது. கிரெடிட் வங்கிக் கணக்கு இருக்கிறதே, எல்லாம் தானாக மாறிவிடாதா என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கு நீங்கள் எடுத்த கிரெடிட்டைப் பதிந்து வைக்கும். எந்தத் தாளுக்கு எது சமம் என்று முடிவு செய்வது போகிற இடத்துப் பாடத்திட்டக் குழுதான்.

அரியர் இருந்தால் இன்னும் மோசம். தன்னாட்சிக் கல்லூரியில் வைத்த அரியரை அந்தக் கல்லூரியின் தேர்வில்தான் முடிக்க வேண்டியிருக்கும். முடித்துவிட்டு வா என்று பெரும்பாலான முதல்வர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதுவும் நியாயம்தான்.

தன்னாட்சி இல்லாத கல்லூரியிலிருந்து தன்னாட்சி இல்லாத இன்னொரு கல்லூரிக்கு, அதே மேஜரில், இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் மாறுவது மட்டும் இதில் விலக்கு. இரண்டு இடத்திலும் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது, விடுபட்ட தாள் தொல்லை அநேகமாக இராது. அப்பாவுக்கு வேலை மாற்றல், கல்யாணமாகி ஊர் மாறியது, உடம்புக்கு முடியாதது என்று உண்மையான காரணத்தோடு வருகிறவர்களுக்கு இந்த வழி இருக்கட்டும். மேஜரையும் கல்லூரியையும் சேர்த்து ஒரே வீச்சில் நடுவில் மாற்ற நினைப்பவர்கள், அதற்குப் பேர் மாறுதல் இல்லை, புதிதாக முதல் வருஷம் சேர்வது என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

கல்லூரி மாறுவதில் கவனிக்காமல் விட்டால் பின்னால் வலிக்கிற இரண்டு காரியங்கள் உண்டு. முதலாவது உதவித்தொகை. எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதியில், மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் பாடப்பிரிவையோ நிறுவனத்தையோ மாற்றினால் உதவித்தொகையை ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து வரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் தொகையும் மாணவர் எந்தக் கல்லூரியின் பதிவில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் வங்கிக் கணக்குக்குப் போகின்றன. பழைய கல்லூரி பெயரை நீக்கி, புதுக் கல்லூரி சேர்க்காமல் இடையில் தொங்கினால் தொகை நின்றுபோகும். அதை மீட்க நடக்கிற நடையில் செருப்புத் தேய்ந்துவிடும்.

இரண்டாவது தமிழ்வழி. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது. பின்னர் வந்த திருத்தத்தால் பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். தமிழ்வழி பி.ஏ. வரலாற்றிலோ பொருளாதாரத்திலோ இருந்துவிட்டு, பேர் பெற்ற கல்லூரி என்பதற்காக ஆங்கிலவழிக்கு மாறினால் அந்த முன்னுரிமை கையைவிட்டுப் போகும். டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போகிற பிள்ளைக்கு இது சாதாரண இழப்பில்லை. “பெரிய காலேஜ்ல சேத்துவிட்டேன்” என்ற பெருமை வீட்டுக்கு, நஷ்டம் பிள்ளைக்கு.

தூரம் மட்டுமே குறையாக இருக்கிறவர்கள் கல்லூரி மாறுவதற்கு முன் விடுதியைப் பார்க்கலாம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகளின் கல்லூரி விடுதிகள் மதுரையில் இருக்கின்றன. தங்கவும் சாப்பிடவும் காசு கட்ட வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் 2021 மே மாதத்திலிருந்து இலவசம் என்றாலும், உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வருகிற புறநகர் வண்டிக்கு அது பொருந்தாது.

படிப்பை விட்டுவிட்டு அடுத்த ஜூனில் புதிதாகச் சேர்வதை வீடுகளில் பெரிய பாவம் மாதிரி பேசுகிறார்கள். “ஒரு வருசம் வீணாப் போச்சே” என்பார்கள். பதினெட்டு வயதில் ஒரு வருஷம் போவதைவிட, பிடிக்காத மேஜரில் மூன்று வருஷம் இருந்து பன்னிரண்டு அரியரோடு வெளியே வருவது பெரிய நஷ்டம், அதைத்தான் நாங்கள் ஜன்னலில் அதிகம் பார்க்கிறோம். மேஜர் நிஜமாகவே ஒத்துவரவில்லை, உள்ளுக்குள் மாற இடமும் இல்லை என்றால் இது நேர்மையான வழி. ஆனால் எந்தத் தேதியில் விடுகிறீர்கள் என்பதில் பணம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் வருஷ அறிவிப்புப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் கட்டணம் முழுதும் திரும்ப வரும். செயலாக்கச் செலவாக 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5000 ரூபாய் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதற்கு மேல் 30 நாள் வரை 50, அதையும் தாண்டினால் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. அறிவிப்பின் நகலோடு போய் மரியாதையாகக் கேளுங்கள். நகலைப் பார்த்ததும் எங்கள் ஆட்களின் குரலே மாறும்.

இரண்டாம் வருஷம் பாதி தாண்டியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டிகிரியை முடித்துவிட்டு மேல்படிப்பில் திரும்புங்கள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலை நகரில் இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில் துறைகளைப் புலங்களாகத்தான் பிரித்திருக்கிறார்கள்: தமிழியற் புலம், உயிரியல் புலம், வேதியியல் புலம் என்று. ஒரு புலத்தில் எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டு நடுவில் இன்னொரு புலத்துக்குத் தாவ முடியும் என்று எண்ணாதீர்கள், அங்கேயும் அது புதுச் சேர்க்கைதான். ஆனால் இளங்கலையிலிருந்து முதுகலைக்குப் போகும் வாசல் அகலமானது. எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ., இதழியல் போன்றவற்றுக்கு எந்த டிகிரியும் போதும். எம்.சி.ஏ.வுக்குப் பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் இருந்தால் டான்செட் என்கிற மாநில நுழைவுத்தேர்வு எழுதலாம். பயோடெக்னாலஜிக்குத் தேசிய நுழைவுத்தேர்வு இருக்கிறது. தாவரவியல், விலங்கியல் படித்த பிள்ளைகள் மட்டுமல்ல, வேதியியல்காரர்களும் எழுதுகிறார்கள்.

வாத்தியார் வேலைதான் லட்சியம் என்றால் இந்த வழியில் ஒரு பள்ளம். இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்றால் ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யில் கிராஸ் மேஜர் என்று ஒதுக்கிவிடுவார்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இரண்டும் ஒரே பாடமாக, அல்லது இணையானது என்று அரசாணையில் உள்ளதாக இருக்க வேண்டும். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு பி.எஸ்சி. விலங்கியலோடு நிற்கிறவர்கள் மதுரையில் ஏராளம். ஆகவே ஆசிரியர் கனவுள்ள பிள்ளை மேஜரை முதல் வருஷத்திலேயே, தேவைப்பட்டால் ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை என்று மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மற்றவர்களுக்கு இந்த அவசரம் கிடையாது.

தொலைநிலைக் கல்வியில் இரண்டாவது டிகிரி சேர்த்துக்கொள்ளலாமா? 2022இலிருந்து மானியக்குழு ஒரே நேரத்தில் இரண்டு படிப்பை அனுமதிக்கிறது, ஒன்று ரெகுலர், ஒன்று தொலைநிலை என்றும் சேரலாம். மதுரையில் அஞ்சல்வழிக் கல்வி 1971இலிருந்து பழகிய சங்கதி. சேர்கிற வருஷத்தில் அந்தப் படிப்புக்கு மானியக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சேருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் இரட்டைச் சுமை ஒத்துவராது, அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சித்தப்பா மகள் விஷயத்துக்கு வருகிறேன். பி.காம். நிரம்பியிருந்தது, காத்திருப்போர் பட்டியலே நீளம். கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரி இருக்கிறது, வீட்டிலிருந்து மதுரைக்கு வருவதில் பாதித் தூரம்தான். ஆனால் அதுவும் தன்னாட்சி. அடுத்த வருஷம் மாறினால் விடுபட்ட தாள்கள் வரும். பேங்க் வேலைக்கு பி.காம். வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிளார்க், புரபேஷனரி அதிகாரி (பி.ஓ.) தேர்வு இரண்டுக்கும் எந்தப் பட்டமும் போதும்; அந்தத் தேர்வில் பிள்ளைகள் தடுக்கி விழுவதே கணக்குத் தாளில்தான். அதைச் சொன்னதும், “அப்ப இந்த மேஜரே இருக்கட்டும்ணே” என்றாள். அவளுடைய துறையிலேயே எய்டடு பிரிவுக்கு மாற விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். செப்டம்பரில் ஒரு பையன் இன்ஜினியரிங்குக்குப் போனான், அதே இன ஒதுக்கீட்டு இடம், பட்டியலில் இவள் பெயர் மேலே இருந்தது. பஸ் பிரச்சினைக்கு நலத்துறை விடுதி கிடைத்தது. சித்தப்பாவுக்கு விடுதியில் அரைமனசு, வாரக் கடைசியில் வந்து கூட்டிப் போகிறார்.

எந்த வழியில் போனாலும் காகிதங்களின் வரிசையை மாற்றாதீர்கள். போகிற இடத்து முதல்வரின் சம்மதம் எழுத்தில் கைக்கு வரும்வரை இருக்கிற இடத்தில் டி.சி. கேட்கக் கூடாது. டி.சி. எழுதியதும் வருகைப்பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவோம், அந்த இடத்துக்கு அன்றைக்கே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். போவதற்கு முன் படித்து முடித்த ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்தையும் துறைத்தலைவர் கையெழுத்து, முத்திரையோடு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தாள்களின் சமநிலை பார்க்கும்போது முதலில் கேட்பது அதைத்தான், பிறகு வந்து கேட்டால் அந்த வருஷப் பாடத்திட்டப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. தமிழ்வழிச் சான்று, நன்னடத்தைச் சான்று, உதவித்தொகை வாங்கியதற்கான விவரம் மூன்றையும் கிளம்புகிற அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். மதியம் ஒன்றரைக்கு முன்னால் வந்தால் நல்லது, அதற்கப்புறம் கையெழுத்துப் போடுகிறவர் சீட்டில் இருப்பாரா என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.